நிலுவையில் நிற்கும் கூலி

அவையோருக்கு வணக்கம். சிறுதொழிலால் வறுமை குறையுமா என்ற கேள்விக்கு, கடன் கொடுத்தால் குறையும் என்று விடை சொல்லி முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த விடை பாதி உண்மைதான் என்று சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

கோயம்பேட்டில் விடியற்காலையில் பூ வாங்கித் தெருவில் விற்கும் பெண் ஒருவர் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் அவர் கட்டவேண்டும். அசல் நாள்தோறும் குறைந்துவருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி 120 சதவீதத்தை ஒட்டி வரும். இவ்வளவு வட்டி கட்டியும் அவர் பிழைக்கிறார் என்றால், அந்தத் தொழிலில் ஆதாயம் இருக்கிறது. அது அவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டதும், 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்ததும் இந்தக் கசிவை அடைக்கும் முயற்சிகளே. அடகு வைக்க ஒன்றுமில்லாத பெண்ணுக்குக் குழுவின் சேமிப்பும் கூட்டுப் பொறுப்புமே ஈடாக நின்றன. அது பெரிய சாதனை. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கடன் கிடைத்த பிறகு நடப்பதைப் பாருங்கள். திருப்பூரில் நான்கு தையல் இயந்திரங்களோடு பவர்டேபிள், அதாவது பெரிய நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையற்கூடம், நடத்துகிறவர் சரக்கைத் தைத்துக் கொடுத்துவிட்டார். தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் தந்தாகவேண்டும். வாடகையும் மின்கட்டணமும் காத்திருக்க மாட்டா. பில் தொகையோ மூன்று மாதம் கழித்துத்தான் வரும் என்றால், இடைப்பட்ட நாட்களை ஓட்ட அவர் மீண்டும் தண்டல்காரரிடமே போவார். அதாவது, சிறியவர் வெளியே வட்டிக்கு வாங்கிப் பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். ஏற்றத்தாழ்வு வளரும் வழிகளுள் இதைப்போலக் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் சரக்கை வாங்கியவர் பணம் தந்தாகவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டியான வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி சேரும். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும்வரை செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது என்று வருமான வரிச் சட்டமும் இப்போது சொல்கிறது. ஆயினும் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சம் சட்டத்தைவிட வலிமையாக இருக்கிறது. அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒருவரிடம் வேலை வாங்கிப் பிழைக்கும் குடும்பத்தின் கணக்கு அது. ஆகவே தனியொருவர் பெயரில் புகார் போவதற்குப் பதிலாக, தொழில் சங்கமே முன்னின்று கேட்கும் வழி வேண்டும்.

ஆர்டர் உறுதியானால் என்ன மாறும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. ஆண்டுதோறும் வேலை வரும் என்பது தெரிந்தால்தான் ஒரு பெண் துணிந்து இரண்டாவது இயந்திரம் வாங்குவார். அரசு வாங்கும் மற்றப் பொருள்களிலும் இத்தகைய பங்கு ஒதுக்கப்படவேண்டும். கூலியும் தாமதமின்றிச் சேரவேண்டும்.

இந்த அவையில் கொள்முதல் செய்கிறவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். நாளை அலுவலகம் சென்றதும், 45 நாளைத் தாண்டி உங்கள் மேசையில் நிற்கும் பில்களை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.