பைக்கும் பாஸும் வாழும் வட ஏரிகளில் எந்த ஃப்ளையைக் கட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம். ஃப்ளை தூண்டிலோடு வடமேற்கு ஒன்ராறியோவுக்குப் புறப்படும் ஒருவர் முதலில் கேட்பது, எந்த நிறத்து ஃப்ளையை எடுத்துச் செல்வது என்பதைத்தான். அதற்கான விடையை நான் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். லேக் ஒஃப் த வூட்ஸ், ரெய்னி ஏரி, குவெட்டிக்கோ பூங்காவின் ஏரிகள் ஆகியவற்றில் பைக் மீனும் ஸ்மோல்மவுத் பாஸ் மீனும் ஒரே நீரில் வாழ்கின்றன. அங்கே அன்றைய நீரின் வெப்பநிலை என்ன, அந்த வெப்பநிலையில் மீன் எந்த ஆழத்தில் நிற்கும், நாம் இழுப்பதை நிறுத்தியதும் ஃப்ளை என்ன செய்யும் என்ற மூன்றுக்கும் விடை கண்ட பிறகே நிறத்துக்கு இடம் வரும்.

இறகு, மான்வால் முடி, முயல்தோல், செயற்கை நார் போன்றவற்றைத் தூண்டில் முள்ளின்மீது நூலால் சுற்றிக் கட்டிய போலி இரையே ஃப்ளை. தூண்டிலின் முனையில் தனியாக எடை ஏதும் இல்லாததால், தடித்த தூண்டிற்கயிற்றின் எடைதான் அதைக் காற்றில் கொண்டுசெல்கிறது. ஆகவே நனைந்த பின் கனக்கும் ஃப்ளை, மீனுக்கு எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும், வீசுபவரின் தோளை ஒரு மணி நேரத்தில் ஓயவைத்துவிடும். 15 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீளமான ஃப்ளைகள் தேவைப்படும் பைக் மீன்பிடியில் இதை மறந்துவிட்டு வாங்கவோ கட்டவோ கூடாது.

வடமேற்கு ஒன்ராறியோவில் ஏப்ரல் இறுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் பெரும்பாலான ஏரிகளின் பனிக்கட்டி உருகிவிடும். உருகிய கையோடு பைக், புல் மூழ்கிக் கிடக்கும் ஆழமற்ற குடாக்களுக்குள் வந்து முட்டையிடுகிறது. கருஞ்சேறு படிந்த அந்தக் குடாக்கள் ஏரியின் மற்றப் பகுதிகளைவிட முந்திச் சூடேறுவதால், முட்டையிட்டு முடிந்த பின்னரும் பெரிய மீன்கள் சில வாரங்கள் அங்கேயே தங்குகின்றன. நீர் ஒரு மீற்றரோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும். பைக்கின் கண்கள் தலையின் மேற்புறத்தில் அமைந்தவை. அது பதுங்கி நின்று, உடலை வளைத்து, மேல்நோக்கியோ முன்னோக்கியோ பாய்ந்து கவ்வும் மீன். எனவே அதற்குக் கீழே விழுந்து புல்லில் சிக்கும் ஃப்ளையால் பயனில்லை. இழுப்பை நிறுத்தியதும் மூழ்காமலும் மிதந்து எழாமலும், தலை சற்றுத் திரும்பி, அப்படியே தொங்கி நிற்கும் ஃப்ளைதான் வேண்டும். பின்தொடர்ந்து வரும் பைக் பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் பாய்கிறது.

இதற்கு மான்வால் முடியை முள்ளின்மேல் பின்னோக்கிச் சாய்த்துக் கட்டி, அதன் நடுவே சேவல் இறகுகளை நீளமாக விடும் முறையை நான் விரும்புகிறேன். 1950களின் இறுதியில் லெஃப்டி கிரே செசபீக் விரிகுடாவின் கடல் மீன்களுக்காக உருவாக்கிய டிசீவர் என்ற வடிவம் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1991இல் அமெரிக்க அஞ்சல்தலை ஒன்றிலும் அது இடம்பெற்றது. மான்வால் முடி தண்ணீரைக் குடிப்பதில்லை; ஒருமுறை பின்வீச்சு வீசினால் நீர் உதிர்ந்துவிடும். முயல்தோல் பட்டை அப்படியன்று: நனைந்த துணிபோலக் கனக்கும். ஆனால் அசையாமல் நிற்கும்போதும் அதன் முடி உயிருள்ளது போலத் துடிக்கும் என்பதால், நீர் 10 பாகை செல்சியஸுக்கும் கீழே இருந்து மீன் சோம்பிக் கிடக்கும் மே மாதக் காலைகளில் அந்தக் கனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இவ்விடத்தில் மிதக்கும் கயிற்றைவிட, மெல்ல மூழ்கும் இடைநிலைக் கயிறே ஃப்ளையை வேண்டிய மட்டத்தில் வைத்திருக்கிறது. புல் அடர்ந்த இடத்தில் முள்ளின் முன்னே தடித்த நைலோன் வளையம் ஒன்றைக் கட்டிவிட்டால் புல் சிக்காது.

ஜூன் கடந்து மேல்நீர் 20 பாகையைத் தாண்டும்போது பெரிய பைக்குகள் குளிர்ந்த ஆழத்தைத் தேடிப் போய்விடுகின்றன. புல்வெளிகளில் எஞ்சுபவை பெரும்பாலும் இளம் மீன்கள். அதே வெப்பம்தான் ஸ்மோல்மவுத் பாஸுக்கு நல்ல பசியைத் தருகிறது. (இந்த மீன் குவெட்டிக்கோப் பகுதியின் பூர்வீகவாசி அன்று, மனிதர் கொண்டுவந்து விட்டது, இன்று அதைத் தேடித்தான் பலர் அங்கே போகிறார்கள்.) பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த கரைகளில் வாழும் பாஸின் முக்கிய உணவு க்ரேஃபிஷ் என்னும் கொடுக்குள்ள நன்னீர் உயிரி. க்ரேஃபிஷ் ஆபத்தைக் கண்டால் வாலை உள்ளே அடித்துப் பின்புறமாகப் பாயும். ஆகவே அதைப் போல ஃப்ளை கட்டுபவர் கொடுக்குகளை முள்ளின் வளைவுப் பக்கமாக வைக்க வேண்டும். அப்போதுதான் நாம் இழுக்கும்போது அது சரியான திசையில் ஓடும். கடைகளில் செக்கச்சிவந்த க்ரேஃபிஷ் ஃப்ளைகளைப் பார்க்கிறேன். க்ரேஃபிஷ் அப்படிச் சிவப்பது கொதிக்கும் பானைக்குள். இந்த ஏரிகளின் அடியில் அது பழுப்பும் ஒலிவ் பச்சையுமாகவே இருக்கிறது.

பாறைத்தரையில் முள் சிக்காமல் இருக்க வேண்டுமானால் ஃப்ளை தலைகீழாக நீந்த வேண்டும். பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்றில் ஸ்மோல்மவுத் பிடிக்கவென்று பொப் கிளவுசர் 1980களில் உருவாக்கிய கிளவுசர் மினோ இதைத்தான் செய்கிறது. முள்ளின் மேற்பக்கத்தில் கட்டிய உலோகக் கண்களின் எடை ஃப்ளையைப் புரட்டிவிட, முள்ளின் நுனி மேல்நோக்கி நிற்கிறது; இழுத்தால் எழுந்தும் விட்டால் விழுந்தும் அது முன்னேறுகிறது. பைக்குக்கு ஃப்ளை தொங்க வேண்டும் என்றேன். பாஸுக்கு அது விழ வேண்டும். ஒரே ஒரு பாஸ் ஃப்ளையைத்தான் எடுக்கலாம் என்றால் 6 அல்லது 7 சென்ரிமீற்றர் நீளமுள்ள கிளவுசரை எடுப்பேன். இரண்டாவதாக, ரஸல் பிளெஸ்ஸிங் 1967இல் கட்டிய வூலி பகரைச் சொல்வேன். பார்வைக்கு எளிய அந்த ஃப்ளை அட்டையாகவும் பூச்சிப்புழுவாகவும் க்ரேஃபிஷாகவும் மீனுக்குத் தோன்றக்கூடியது.

காற்றில்லாத கோடை மாலைகளில் மேல்நீர் ஃப்ளைகளின் இன்பம் தனி. ஓசையெழுப்பும் பொப்பர் என்னும் மிதக்கும் ஃப்ளையைப் பலரும் ஓயாமல் இழுக்கிறார்கள். தெளிந்த ஆழமற்ற நீரில் அந்த ஓசை பாஸை விரட்டுவதே அதிகம். நீரில் விழுந்த ஃப்ளையைச் சற்று நேரம் அப்படியே விட்டு, பிறகு மெல்ல அசைப்பதே மேல். காற்றடித்து அலை எழும்போதுதான் பொப்பரின் ஓசைக்கு வேலை உண்டு. மான்முடியை நெருக்கிக் கட்டிக் கத்தரித்துச் செய்யும் லாரி டால்பேர்க்கின் டைவர், இழுக்கும்போது நீருள் அமிழ்ந்து விட்டவுடன் மேலே வருவதால், பாஸுக்கும் புல்மேல் நிற்கும் பைக்குக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

இலையுதிர்காலத்தில் நீர் மறுபடியும் குளிரும்போது பாஸ் ஆழப் பாறைகளுக்கு இறங்கி மந்தமாகிறது. பைக் பசியோடு திரும்புகிறது. பைக்குக்கு இரையாகும் வெள்ளிநிறச் சிஸ்கோ மீன்கள் முட்டையிடப் பாறைத்திட்டுகளுக்கு வரும் அந்நாட்களில், வெள்ளையும் வெள்ளியுமான மிகப் பெரிய ஃப்ளையை மூழ்கும் கயிற்றில் வீசுவது நியாயம்.

இனி நிறம். அந்த ஏரிகளில் பல, சதுப்புநிலங்களிலிருந்து வரும் நீரால் தேயிலைச் சாயத்தில் இருக்கின்றன. அந்நீர் நீலத்தையும் பச்சையையும் விரைவில் விழுங்கிவிடுவதால், செம்மஞ்சளும் மஞ்சளும் செம்புப் பளபளப்பும் அங்கே தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கறுப்பின் உருவக்கோடு இன்னும் நன்றாகத் தெரியும். தெளிந்த ஏரிகளில் வெள்ளை, ஒலிவ், பெர்ச் மீனின் வரிகள் ஆகியவை போதும். இதற்குமேல் நிறத்தைப் பற்றி நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்களின் பொழுதுபோக்கு என்றே கருதுகிறேன்.

ஃப்ளையோடு சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டியவை சில. பைக்கின் பல் நைலோனை ஒரே கடியில் அறுக்கும். ஃப்ளைக்கு முன்னே 30 சென்ரிமீற்றராவது உலோகக் கம்பி வேண்டும். அந்தக் கம்பி சிறிய பாஸ் ஃப்ளையின் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்பதால், பாஸுக்கு அதைத் தவிர்த்து, பைக் வரும் புல்லோரங்களை விட்டு விலகி வீசலாம். பைக்குக்கு 9 எடைத் தூண்டிற்கோலும் பாஸுக்கு 7 எடைக் கோலும் பொருந்தும் (இந்த எண் கோலுக்கு ஏற்ற கயிற்றின் எடையைக் குறிப்பது). ஜூனில் கூட்டைக் காக்கும் ஆண் பாஸ் எதையும் தாக்கும். அதைத் தூக்கிய சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கும் என்பதால், கூடு தெரியும் இடத்தில் எந்த ஃப்ளையையும் வீசாதிருப்பதே முறை. ஒன்ராறியோவின் 20 மீன்வள மேலாண்மை வலயங்களிலும் பருவகாலமும் எண்ணிக்கை வரம்பும் ஒன்றுபோல் இல்லை. புறப்படுமுன் அவ்வாண்டின் விதித்தொகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குவெட்டிக்கோவுக்குள் உயிரிரை செல்லாது. முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்ச்செதிலையும் குறட்டால் நசுக்கிவிட வேண்டும், அதை வீட்டில் ஃப்ளை கட்டத் தொடங்கும் முன்பே செய்துவிடுவது எளிது.