சேற்றுக்கு அடி உண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

சேற்றிலும் காட்டுப்பாதையிலும் ஓடுவதற்கென்றே கட்டப்படும் நான்கு சக்கர வண்டிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஆல் டெரெய்ன் வெஹிக்கிள், சுருக்கமாக ஏடிவி என்ற பெயரால் அறியப்படும் வண்டிகள் இவை. மோட்டார் சைக்கிளில் உட்காருவதைப் போலவே இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். ஸ்டியரிங் இல்லை, ஹேண்டில்பார்தான். கீழே, உப்பிய நான்கு டயர்கள். மலைவாசத் தலங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு இவற்றை வாடகைக்கு விடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

இந்த வண்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை சிசி?" என்பதுதான். வாகனப் பொறியியல் படிக்கும் என் மாணவர்களும் அதையே கேட்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு: "நீ இறங்கப்போகும் சேற்றுக்கு அடி உண்டா?" அதாவது, சேற்றுக்குக் கீழே எட்டும் ஆழத்தில் கெட்டித் தரை இருக்கிறதா? இதற்கு விடை தெரியாதவரை டயரைத் தேர்ந்தெடுக்க முடியாது, டயரைத் தேர்ந்தெடுக்காதவரை மற்ற எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. எஞ்சின் கடைசியில்தான் வருகிறது.

இந்த வண்டி பிறந்ததே டயரிலிருந்துதான். 1967இல் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை ஜப்பானுக்கு ஒரு கோரிக்கை அனுப்பியது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, பனியிலும் சேற்றிலும் ஓடுகிற ஏதாவது ஒன்றைக் கொடுங்கள் என்று. ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் அந்தப் பொறுப்பை ஏற்றார். இரண்டு சக்கரம், மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று வரிசையாகக் கட்டிப் பார்த்தார்கள். கையில் இருந்ததோ சிறிய எஞ்சின். மூன்று சக்கர அமைப்பு அதற்குத் தோதாக இருந்தது. ஆனால் சாதாரண டயர்களைப் போட்டபோது வண்டி பனியிலும் சேற்றிலும் திணறியது. திருப்பம், ஆம்ஃபிகேட் என்ற ஆறு சக்கர நீர்-நில வண்டியின் டயரிலிருந்து வந்தது. மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் 20 அங்குல டயர் அது. அதைப் பார்த்து 22 அங்குல டயர் ஒன்றை ஹோண்டா தானே உருவாக்கியது. 1970இல் 595 டாலர் விலையில் வெளிவந்த அந்த வண்டியில் எஞ்சின் 89 சிசி, 7 குதிரைத்திறன். ஸ்பிரிங் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை. குலுக்கலைத் தாங்கும் வேலையையும் டயர்களே செய்தன. 7 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு பனிமீதும் மணல்மீதும் போக முடிந்ததற்கு அந்த டயரைத் தவிர வேறு காரணம் இல்லை.

காரின் டயரில் 30 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடிக்கிறோம். ஏடிவியில் பெரும்பாலும் 5 அல்லது 7 பிஎஸ்ஐதான். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து படுகிறது, எடை பரவுகிறது, வண்டி மேலேயே நிற்கிறது. இது மிதக்கும் வழி. கனடாவின் வடக்கே மஸ்கெக் என்று சொல்லப்படும் சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. அழுகிய பாசியும் நீரும் அடுக்கடுக்காகச் சேர்ந்த நிலம். அங்கே சக்கரம் எவ்வளவு தோண்டினாலும் கெட்டித் தரை கைக்கு எட்டாது. ஒன்டாரியோ மாநிலத்தில் 1960களிலிருந்து தயாராகும் ஆர்கோ வண்டிகளுக்கு ஆறு அல்லது எட்டுச் சக்கரம் இருப்பது இதனால்தான். பாசித் தோலைக் கிழிக்காமல் அதன்மேல் ஊர்ந்து போவதே அவற்றின் வேலை.

அமெரிக்காவின் லூசியானா, கிழக்கு டெக்சாஸ் பக்கம் சேற்றில் ஓட்டுவது பெரிய விளையாட்டு. அங்கே பல இடங்களில் சேற்றுக்கு அடி உண்டு. முழங்கால் ஆழமோ இடுப்பு ஆழமோ போனால் கெட்டித் தரை கிடைக்கும். அங்கே மிதக்க நினைப்பது வீண். குறுகலான, உயரமான டயரைப் போட்டு, சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கி, அடியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சேற்றுழவுக்கு டிராக்டர் இறங்கும்போது கேஜ் வீல் மாட்டுகிறார்களே, அதே தத்துவம்தான். இரும்புப் பட்டைகள் சேற்றை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். இடைவெளி வழியாகச் சேறு வழிந்துவிடும். அடியில் இருக்கும் இறுகிய மண் டிராக்டரைத் தாங்கும். நம் உழவர்கள் வயலுக்குள் கால் வைத்துப் பார்த்தே சக்கரத்தை முடிவு செய்கிறார்கள். வடிவமைப்பு தொடங்க வேண்டிய இடம் அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேற்று டயரை அருகில் வைத்துப் பாருங்கள். அதன்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன்கள் என்கிறோம். அவை இரண்டு அங்குல உயரம்கூட இருக்கும். கவனிக்க வேண்டியது உயரத்தைவிட இடைவெளியை. ஒட்டும் களிமண் பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொண்டால் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். அப்புறம் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அது இருந்த இடத்திலேயே சுற்றும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது அந்த மண் தெறித்து வெளியேற இடம் வேண்டும். அதனால்தான் சேற்று டயரில் ரப்பர் குறைவாகவும் காலியிடம் அதிகமாகவும் இருக்கிறது. அதே டயரைப் பாறையும் வேரும் நிறைந்த பாதையில் ஓட்டினால் பட்டன்கள் மடங்கும், கைப்பிடி அதிரும், பிரேக் பிடிக்கும்போது வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

டயரைப் பெரிதாக்கினால் அதோடு முடிவதில்லை. 26 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 30 அங்குல டயரை மாட்டினால் வண்டி இரண்டு அங்குலம்தான் உயர்கிறது. விட்டத்தில் பாதிதான் உயரமாகிறது. ஆனால் கியர் விகிதம் ஏறக்குறைய 15 சதவீதம் பாரமாகிவிடுகிறது; சக்கரத்தைச் சுற்ற எஞ்சின் அவ்வளவு கூடுதலாக இழுக்க வேண்டும். அந்தச் சுமை முழுவதும் பெல்ட்டின் தலையில் விழுகிறது. பெரும்பாலான ஏடிவிகளில் கியர்களை மாற்றும் வேலையே கிடையாது. இரண்டு புல்லிகள், நடுவே ஒரு ரப்பர் பெல்ட். புல்லிகள் விரிந்தும் சுருங்கியும் விகிதத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. அருமையான ஏற்பாடு, உலர்ந்திருக்கும்வரை. பெல்ட் உராய்வை நம்பி ஓடுவது. தண்ணீர் பட்டால் வழுக்கும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. சூடு தணிய அந்தப் பெட்டிக்குள் வெளிக்காற்று போயாக வேண்டும் என்பதால் அதை முழுக்க மூடிவிடவும் முடியாது. ஆகவே காற்றை உள்ளே இழுக்கும் குழாயை ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயும் அப்படியே. அது தண்ணீரை உறிஞ்சினால் சேதம் இன்னும் பெரிது: காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது, மேலே வரும் பிஸ்டன் அதில் மோதினால் அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டரும் அப்படித்தான். பாதையில் ஓடும் வண்டியில் அது முன்பக்கம் கீழே இருக்கும்; காற்று நேராக வந்து மோதும். சேற்றில் அந்த இடம் நிமிடங்களில் அடைத்துக்கொள்ளும். கனடாவைச் சேர்ந்த கேன்-ஆம் தன் சேற்று ரகமான அவுட்லேண்டர் எக்ஸ் எம்ஆர் வண்டிகளில் ரேடியேட்டரை மேலே ஏற்றி வைத்தது. குளிர்ச்சி தப்பித்தது. ஆனால் தண்ணீர் நிரம்பிய ஒரு பாரம் வண்டியின் உச்சியில் போய் உட்கார்ந்தது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்பவும் வருகிறேன்.

யாரும் பேசாத ஒரு சின்ன உறுப்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. முன் அச்சிலும் பின் அச்சிலும், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி இருக்கிறது. உள்ளே பற்சக்கரங்களும் எண்ணெயும். ஓட ஓட அது சூடாகும், உள்ளிருக்கும் காற்று விரியும். விரியும் காற்று வெளியேற ஒரு சிறு துவாரம் விட்டிருப்பார்கள். பிரீதர் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய அந்தப் பெட்டி திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்குகிறது. உள்ளே காற்று சட்டென்று சுருங்குகிறது, வெளியே இருப்பதை இழுக்கிறது. துவாரம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். வண்டி மேலேறி வந்துவிடும், ஓட்டியவருக்கு எதுவும் தெரியாது. பல வாரம் கழித்துப் பேரிங் அரைபடும் சத்தம் கேட்டுத் திறந்தால் எண்ணெய் வெளுத்துப் போயிருக்கும். ஒரு நீளமான ரப்பர் குழாயை அந்தத் துவாரத்தில் மாட்டி, மறுமுனையை ஹேண்டில்பார் பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இந்த வில்லங்கமே இல்லை. நல்ல சேற்று வண்டியை அடையாளம் காண நான் எஞ்சின் பக்கம் போவதில்லை. இந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று பார்ப்பேன்.

இனி பாதைக்கு வருவோம். மேற்கு வர்ஜீனியாவின் தெற்கே, பழைய நிலக்கரிச் சுரங்க மலைகளில், ஹாட்ஃபீல்ட்-மெக்காய் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு முதல் ஏடிவி பாதைகள் திறக்கப்பட்டன. இன்று அவை ஆயிரம் மைலைத் தாண்டிவிட்டன. இப்படிப்பட்ட மலைப்பாதையில் வண்டி சந்திப்பது சரிவு, வேர், உருளைக்கல், குறுகிய வளைவு. அமெரிக்க வனத்துறையின் பல பாதைகளில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு இடமில்லை. அகலம் கட்டுப்பட்டுவிட்டது என்றால் உயரத்தை நினைத்தபடி ஏற்ற முடியாது.

ஒரு கணக்குப் போடலாம். இரு சக்கரங்களுக்கும் நடுவே 100 சென்டிமீட்டர் அகலம். ஓட்டுபவரையும் சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் அந்த வண்டி, பக்கவாட்டுச் சரிவு 34 டிகிரியை நெருங்கும்போது கவிழும். பெரிய டயரும், உயரத்தைக் கூட்டும் உபகரணமும், மேலே ஏற்றிய ரேடியேட்டருமாகச் சேர்ந்து அந்த மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால், 30 டிகிரி தாண்டிய உடனேயே கவிழும். இது காகிதக் கணக்கு. ஓடும் வண்டியில் டயர் நசுங்கும், ஸ்பிரிங் அமுங்கும், ஒரு சக்கரம் கல்லில் ஏறும். கிடைக்கும் டிகிரி இன்னும் குறையும். சேற்றில் உயிர் காத்த அதே உயரம் மலைச்சரிவில் உயிரைக் கேட்கிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள உலகம் பெரிய விலை கொடுத்தது. ஏடிவிகளால், முக்கியமாக மூன்று சக்கர வண்டிகளால், ஏற்பட்ட மரணங்களும் ஊனங்களும் பெருகியதால் 1987 டிசம்பரில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1988இல் தயாரிப்பாளர்கள் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்; வாங்குபவர்களுக்குப் பயிற்சி தரவும் ஒப்புக்கொண்டார்கள். பத்தாண்டுகளுக்கான ஒப்பந்தம் அது. நான்கு சக்கரம் வந்ததும் ஆபத்து நீங்கிவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பண்ணைகளில் வண்டி கவிழ்ந்து அதன் அடியில் நசுங்கி இறந்தவர்கள் பலர். அதனால் 2021 அக்டோபர் முதல், அங்கே விற்கப்படும் பொதுப் பயன்பாட்டு நான்கு சக்கர வண்டிகள், 28.81 டிகிரிக்குக் குறைவான பக்கச் சரிவில் இரண்டு சக்கரத்தில் எழும்பக் கூடாது; கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காமல் தாங்கும் வளைவுக் கம்பியும் இருக்க வேண்டும். சில பெரிய நிறுவனங்கள் இதை ஏற்க மறுத்து அந்தச் சந்தையை விட்டே வெளியேறின. நான் சட்டத்தின் பக்கம்தான் நிற்கிறேன்.

சுற்றுலா போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கான ஏடிவியைப் பதினாறு வயதுக்குக் கீழானவர்களிடம் தரக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. வண்டியைத் திருப்புவது கையின் வேலை மட்டுமல்ல. உடலின் எடையை இங்கும் அங்கும் மாற்றித் திருப்ப வேண்டும். நீண்ட இருக்கை கொடுத்திருப்பது முன்னும் பின்னும் நகர்வதற்கு. ஒருவருக்கான வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றுவதற்கு அல்ல. 20 கிலோ எடையுள்ள குழந்தை 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை எப்படிச் சாய்க்கும்? தார்ச் சாலையிலும் ஓட்ட வேண்டாம். மண்ணில் வழுக்கிக் கொடுக்கவென்று செய்த டயர் தாரில் சட்டென்று கவ்வும்; வளைவில் வண்டி புரண்டுவிடும்.

நம் மாணவர்கள் கட்டும் வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய, பொறியியல் மாணவர்களுக்கான பாஹா வண்டிப் போட்டி, 2007இல் இந்தூர் அருகே பீதம்பூரில் இந்திய வடிவம் எடுத்தது. தமிழ்நாட்டிலிருந்தும் பொறியியல் கல்லூரிகள் போகின்றன. பாதுகாப்புக் கூண்டுக்குள் ஒருவர் அமர்ந்து ஓட்டும் வண்டி. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். பெட்ரோல் பிரிவில் நெடுங்காலம் எல்லா அணிக்கும் ஒரே 10 குதிரைத்திறன் எஞ்சின்தான் தரப்பட்டது. "எத்தனை சிசி?" என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நான்கு மணி நேர ஓட்டத்தில் ஒரு வண்டி முந்துவதும், இன்னொன்று அச்சின் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, அச்சு முறிந்து ஓரமாக நிற்பதும் முழுக்க முழுக்க வடிவமைப்பின் விளைவு. இளைஞர்கள் தாங்களே குழாயை வளைத்து, வெல்டிங் செய்து, லேத்தில் கடைந்து கட்டும் வண்டி அது. ராத்திரி பகலாகப் பட்டறையில் நிற்கும் அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பீதம்பூர் இருப்பது மால்வா பீடபூமி; கரிசல் பூமி. கோவில்பட்டிப் பக்கத்து மாணவனுக்கு அந்த மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காய்ந்தால் கல், நனைந்தால் காலை விடாது. கடைக்குப் போய் டயர் வாங்குவதற்கு முன்னால், ஊரிலிருந்து ஒரு சாக்குக் கரிசல் கொண்டுவரச் சொல்லுங்கள். கல்லூரி மைதானத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். பழைய டயர்களை ஒவ்வொன்றாக அதில் உருட்டி, எதன் பட்டன்களுக்கு நடுவே மண் தங்குகிறது, எதில் உதிர்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வரைபடத்தைத் தொடங்குங்கள். இந்த ஆண்டு போட்டிக்குத் தயாராகும் அணிகளுக்கு என் வாழ்த்துகள். கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.