வயசானா அப்படித்தானா?

நேயர்களுக்கு வணக்கம். முதியோர் மனநல மருத்துவத்துக்கு நான் வந்த நாளிலிருந்து அதிகம் கேட்ட பேச்சு, "வயசானா அப்படித்தான் டாக்டர்" என்பது. மகன் சொல்வார், மருமகள் சொல்வார், சில நேரம் எங்களில் ஒருவரே சொல்லிவிடுவார். அதில் பாதி சரி. மீதிப் பாதியால்தான் எத்தனையோ பேர் சிகிச்சைக்கே வராமல் வருஷக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். வயது ஏறும்போது மூளை கொஞ்சம் நிதானமாகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று வராது, அப்புறம் குளிக்கும்போது தானாக வரும். டிவி ஓட, பேத்தி பேச, போனும் அடித்தால் திணறுவார்கள். தூக்கம் லேசாகி, விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வரும். ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் அவ்வளவு சீக்கிரம் குறையாது. கடைக்குப் போய் புளி வாங்க மறப்பது சகஜம். முப்பது வருஷம் போய்வந்த கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது சகஜமில்லை.

மனச்சோர்வும் சகஜமில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லவே மாட்டார்கள், "உடம்பு முடியல", "சோறு இறங்கல", "நெஞ்சு படபடங்குது" என்பார்கள், நாமும் ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுத்துக்கொண்டிருப்போம். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாரா, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரவில்லையா, "நான் எல்லாருக்கும் பாரம்" என்கிறாரா, அதைக் கேட்டும் கேட்காததுபோல் விடாதீர்கள். மனச்சோர்வால் வரும் மறதியும் உண்டு, சோர்வுக்கு மருத்துவம் பார்த்தால் அதுவும் பெரும்பாலும் தெளியும்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ராத்திரி திடீரென்று உளறினால் அது வேறு கதை. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இப்படி ஏதாவது இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. வயதானால் சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால் சிலவகைத் தூக்க மாத்திரைகள் மறுநாள் பகலிலும் உடம்பில் தங்கி, தள்ளாட வைத்து, கீழே விழவைத்து இடுப்பெலும்பை முறித்துவிடலாம். சளிக்கென்று மெடிக்கலில் வாங்கும் சில மாத்திரைகள்கூடக் குழப்பத்தைக் கொண்டுவரும். டாக்டரிடம் போகும்போது மருந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

காதையும் பாருங்கள். காது மந்தமானவர் பாதி பேச்சு புரியாமல் ஒதுங்கி உட்காருவார், வீட்டில் "அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை" என்பார்கள். காதுக்கருவி வைத்தபிறகு திண்ணையில் மறுபடி கதை பேசத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்று எம்.டி. படிப்பு 1996-லேயே வந்துவிட்டது, கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024-இல் திறந்தது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டில் எதற்கும் கூப்பிடலாம். பேசும்போது எப்போதிலிருந்து இந்த மாற்றம், மெதுவாக வந்ததா திடீரென்று வந்ததா என்று சொல்லுங்கள், எங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். அப்புறம் போனை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுங்கள், அவர்களே பேசட்டும்.