ஏரிக்கரையில் ஒரு மணி நேரம்

அன்பார்ந்த பெரியோர்களே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

குடும்பம், நாடு, இயற்கை ஆகிய மூன்றையும் நிதானமாக ரசிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் பெரிய சொற்கள். ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம். அதைவிட, மூன்றும் சேர்ந்து கிடைக்கிற ஓர் இடத்துக்கு உங்களை அனுப்பிவைப்பது மேல். அது உங்கள் ஊர் ஏரி. மதுரை, சிவகங்கைக்காரர்கள் கண்மாய் என்பீர்கள், நெல்லைக்காரர்கள் குளம் என்பீர்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 இருக்கின்றன. நுழைவுச்சீட்டு கிடையாது.

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிற குடும்பங்களைக் கவனித்துப் பாருங்கள். காரில் இரண்டு மணி நேரம் வருகிறார்கள், கோபுரத்தில் ஏறுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அரை மணியில் சாப்பாட்டுக் கடை எங்கே என்று கேட்கிறார்கள். பறவை மீது குறையில்லை. உட்காரவே இல்லையே, பிறகு எப்படிப் பார்ப்பது? நிதானம் என்று நாம் சொல்வதை நடைமுறையில் ஒரு மணி நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் ஏரி தன்னைக் காட்டாது.

காலம் மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். காலை ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. நம் நிலம் பெரும்பாலும் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கில், தண்ணீர் மேற்கில். காலையில் கரையில் இருந்தால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் அப்படியே தெரியும். அதே இடத்துக்கு மாலையில் போனால் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். "ஒண்ணுமே தெரியல" என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் மாலையில் போனவர்கள். உங்கள் ஏரிக்குக் கரை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரை உச்சியில் நிற்காதீர்கள். வானத்தை ஒட்டி ஆள் உருவம் தெரிந்தால் பறவை விலகிப்போகும். ஒரு பனைமரத்தடியில் உட்காருங்கள். வெள்ளைச் சட்டை, சிவப்புச் சட்டை வேண்டாம். நீங்கள் வந்ததும் பக்கத்தில் இருந்ததெல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடும். முதல் கால் மணி நேரம் எதுவும் நடக்காது. பிள்ளைகள் "போலாமா?" என்று கேட்பதும் அப்போதுதான். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் சுண்டல் கொண்டுபோக வேண்டும். அது தீர்வதற்குள் முக்குளிப்பான் திரும்பி வந்துவிடும்.

முக்குளிப்பான் மிகச் சிறிய நீர்ப்பறவை. சட்டென்று முங்கும், வேறெங்கோ எழும். முங்கியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எந்தப் பக்கம் எழும் என்று பந்தயம் வையுங்கள். பாட்டியையும் பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து முறை ஆடுவதற்குள் பையன் கைபேசியை மறந்திருப்பான்.

பட்ட மரத்தில் சிறகை விரித்து நிற்பது நீர்க்காகம். அதன் இறகில் தண்ணீர் ஊறும். ஊறுவதால்தான் ஆழத்தில் முங்கி மீன் பிடிக்க முடிகிறது. மேலே வந்ததும் காயவைத்துக்கொள்கிறது. கரையோரப் புல்லில் மண் நிறத்தில் அசையாமல் இருப்பது மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள், அத்தனை கிட்டப் போகிற வரை பறக்காது. பறந்தால் சிறகு முழுக்க வெள்ளை, உட்கார்ந்தால் மறுபடி மண். கண் தெரியாத பறவை என்று பெயர் வைத்த நமக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை. நத்தைகுத்தி நாரை வந்தால் அலகைப் பாருங்கள். மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அது நத்தை தின்னும் பறவை.

இருநோக்கி, அதாவது பைனாகுலர், வாங்குவதானால் 8×42 போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பெரிதாக்கினால் நல்லதுதானே என்று 12 மடங்கு, 20 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். முதலில் இரண்டு வட்டம் ஒரே வட்டமாகும் வரை மடக்குங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலது கண்ணருகே உள்ள வளையத்தால் சரிசெய்யுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை இறக்கிவிட வேண்டும். குழந்தைகள் செய்யும் தவறு, கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவது. வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை நகர்த்தாமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பக்கூடாது, கண் போய்விடும்.

பறவைக்கு உங்கள் பிள்ளைகள் ஆசிரியர் ஆகலாம். ஏரிக்குத் தாத்தாதான் ஆசிரியர். மதகு எது, கலிங்கு எது என்று அவரைக் கேளுங்கள். மதகு வயலுக்குத் தண்ணீர் விடுவது, கலிங்கு மிஞ்சிய தண்ணீரை வழியவிடுவது. பழைய கலிங்கின் மேல் வரிசையாகக் கல் ஊன்றியிருக்கும். அலங்காரத்துக்கு வைத்ததல்ல. மழைக்காலம் முடிகிற நேரத்தில், இனி வெள்ளம் வராது என்று தெரிந்ததும் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்குவார்கள். முன்கூட்டியே அடைத்தால் கரை உடையும், தாமதித்தால் தண்ணீர் போய்விடும். என்றைக்கு அடைப்பது என்பதில்தான் ஊரின் அனுபவம் இருந்தது.

புதுக்கோட்டைப் பக்கம் போனால் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண் தனியாக நிற்கும். அது குமிழித்தூம்பு, பழைய காலத்து மதகு. தூண்களுக்குக் குறுக்கே துளையிட்ட கல், அந்தத் துளை வழியே இறங்கும் கழி, கழியின் நுனியில் அடைப்பு. கழியைத் தூக்கினால் தண்ணீர் அடியிலுள்ள கல்தொட்டியில் இறங்கி, கரைக்குக் கீழே புதைத்த சுருங்கை வழியாக வாய்க்காலுக்கு வரும். தொட்டியின் மேல்துளைக்கு நீரோடித் துளை என்று பெயர், கீழே இருப்பவை சேறோடித் துளைகள். தண்ணீர் போகிற வேகத்திலேயே தூம்பைச் சுற்றிப் படியும் சேறும் இழுபட்டு வயலுக்குப் போகும். தூர்வாருவதும் எரு இடுவதும் ஒரே வேலையில் முடிந்தது.

நாடு என்றால் கொடியும் எல்லையும் மட்டும் நினைவுக்கு வருகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் பெயர் எடுத்து ஏரி வாரியம் அமைத்த முறையைச் சொல்கின்றன. 360 நாள் பொறுப்பு, பிறகு அடுத்தவர். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கல்லில் வெட்டி வைத்த நாடு இது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வெடி ஆசை இருக்கும்.

உங்கள் ஏரியில் தண்ணீரே இல்லையா? அப்போதும் போங்கள். வரத்து வாய்க்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தாத்தாவைக் கேட்டு, அதன் வழியே நடந்து பாருங்கள். மேல் ஏரியின் கலிங்கில் வழிவது கீழ் ஏரிக்கு வரவேண்டும், ஏரிகள் சங்கிலி மாதிரி. எந்த இடத்தில் வாய்க்கால் மனைப்பிரிவாக மாறியிருக்கிறது என்பது நடந்தால்தான் தெரியும்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை ஏரிக்குள் இறங்க விடாதீர்கள். மண் எடுத்த குழிகள் தண்ணீருக்குள் தெரியாது, முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆள் ஆழமாகும். மதகுப் படி பாசி பிடித்து வழுக்கும். கரைப்புல்லில் பாம்பு இருக்கும், செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். கூட்டுக்குக் கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்துபோனால் காகம் முட்டையை எடுத்துவிடும்.

ஒரு முறை போனால் போதாது. அதே பனைமரத்தடிக்கு மாசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை போங்கள். தண்ணீர் இறங்க இறங்க மீன் ஒரே பள்ளத்தில் சேரும், நாரைகள் கூட்டமாக வரும். மார்கழியில் நீந்திக்கொண்டிருந்த பறவைகளின் இடத்தில் சேற்றில் நடக்கிற பறவைகள் இருக்கும். தேதி, தண்ணீர் மதகில் எத்தனையாவது படி வரை, என்ன பறவை என்று மூன்று வரி நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

போகும்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் பாட்டியால் தரையில் உட்கார முடியாது.