போகிறவர் யார், தண்ணீர் பார்க்கிறவர் யார்?

வணக்கம் நேயர்களே. கீழக்கரை, தொண்டிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பது நமக்குப் பழகிய சங்கதி. மலைநாட்டு ஊர்களும் இப்படித்தான் பிழைக்கின்றன. ஆனால் ஆள் போன பிறகும் சில மலையூர்களில் வயல் விளைகிறது. சில ஊர்கள் புதர் மண்டிப் போகின்றன. யார் போகலாம், யார் இருந்து பார்க்க வேண்டும் என்று ஊர் வழக்கம் சொல்கிறதா? பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது விஷயம்.

லடாக்கை எடுத்துக்கொள்வோம். லே நகரில் ஆண்டு மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர், நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பெய்வதில் எட்டில் ஒரு பங்கு. அங்கே முன்பு நிலத்தைப் பங்கு போடுவதில்லை. மூத்தவர் பொறுப்பில் வீடும் வயலும் இருக்கும். தம்பிமார் அதே குடும்பத்தில், அண்ணனுக்கும் தங்களுக்கும் பொதுவான ஒரே மனைவியோடு இருப்பார்கள், அல்லது பௌத்த மடத்துக்குத் துறவியாகப் போவார்கள். அந்த மணமுறையை 1941-இல் சட்டம் தடுத்தது; அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. வயல் துண்டுபடாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம் என்பதை மட்டும் சொல்கிறேன். மேகாலயாவின் காசி என்னும் பழங்குடி மக்களிடம் கடைசி மகளுக்குத்தான் குடும்ப வீடு. பெற்றோரைப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. பெண் தாய்வீட்டிலேயே இருக்க, ஆண்கள் கடல் கடந்து போகும் கீழக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி தண்ணீர். நம் கண்மாய்க்கு, மடை திறந்து வயலுக்கு நீர் விடும் நீர்ப்பாய்ச்சி இருப்பதுபோல லடாக் ஊர்களில் சுர்பொன் என்று ஒருவர். பனி உருகிய நீரை இரவில் ‘ஜிங்’ என்னும் சிறு குளத்தில் தேக்கி, காலையில் முறை வைத்துத் திறப்பார்கள். வாய்க்கால் வாயைக் கல்லாலும் புல்லோடு வெட்டிய மண்கட்டியாலும் அடைப்பதும் திறப்பதும் அவர் வேலை. விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உயரத்துப் பனி உருகி வருவதோ ஜூனில். இந்த இடைவெளிக்காகத்தான் லடாக் பொறியாளர் செவாங் நோர்பெல் 1987-இல், ஊருக்குப் பக்கத்திலேயே ஓடைநீரைக் குளிர்காலத்தில் கல்தடுப்பால் மெதுவாக்கி உறையவைத்தார். அதே லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் பனிக்கூம்பு செய்து காட்டினார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே பீய்ச்சி அடித்து, விழும்போதே உறைகிறது. கூம்பு வடிவத்தில் பனியின் அளவைப் பார்க்க வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் சீக்கிரம் கரையாது. சிக்கல் குழாயில். ஓட்டம் நின்றால் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், குழாய் வெடிக்கவும் செய்யும். உறைகுளிரில், நடுராத்திரியில் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இளவட்டம் எல்லாம் லேயிலும் பட்டாளத்திலும் இருந்தால் யார் போவது?

உத்தராகண்டில் நடந்தது இன்னும் மோசம். 2001-க்கும் 2011-க்கும் இடையே பௌரி கட்வால், அல்மோரா மாவட்டங்களில் மக்கள்தொகையே குறைந்தது. அங்கே படிக்கட்டு வயலின் சுவர், சாந்து இல்லாத கல்லடுக்கு. கல் இடுக்கு வழியே நீர் கசிய வேண்டும். மண் அடைத்தால் சுவர் வயிறு தள்ளும், அடுத்த மழையில் சரியும். கல்லும் மண்ணும் கீழ்வயலில் வந்து விழும். மேல்வயல்காரர் டில்லியில். அடுத்தவர் நிலத்துச் சுவரைக் கீழ்வயல்காரர் எப்படிக் கட்டுவார்? தரிசில் புதர் ஏறும், காட்டுப்பன்றி வரும், கடைசியில் அவரும் மூட்டை கட்டுவார். மகன் அனுப்பும் பணத்தில் வீட்டுக்குக் காங்கிரீட் கூரை வந்திருக்கும்.

‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம் என்ன செய்யலாம்? ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துப் பங்கை ஆளின் பேரில் வைக்காமல் ஏக்கரின் பேரில் வையுங்கள். துபாயில் இருப்பவர் ஆள்கூலி அனுப்பட்டும். நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்; கூலி நிச்சயமில்லாத வேலைக்கு அவர் மகன் வரமாட்டான். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஆவணியிலேயே வெட்டிவிட வேண்டும், ஐப்பசி மழை காத்திருக்காது. சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தூரோடு எடுக்க வேண்டும். ஆனால் கரைமேல் நிற்கும் மரத்தைப் பிடுங்கிவிட்டு அப்படியே விடக்கூடாது. வேர்க்குழியில் களிமண் போட்டு, அரையடிக்கு ஒருமுறை நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். இடிக்காமல் விட்ட குழிதான் கார்த்திகையில் கசிந்து உடைப்பெடுக்கும்.