புல்லுக்குள் ஒரு ரோமானியச் சுவர்

நேயர்களுக்கு வணக்கம். ரோமானியர் கட்டிய சுவர் என்றால் பலருக்கும் இங்கிலாந்தின் வடக்கே உள்ள ஹேட்ரியன் சுவர்தான் நினைவுக்கு வரும். கல் சுவர், படத்தில் அழகாக விழும். நான் பேச வந்தது அதற்கும் வடக்கே, ஸ்காட்லாந்தில் உள்ள அன்டோனைன் சுவரைப் பற்றி. அன்டோனினஸ் பயஸ் பேரரசர் காலத்தில், 142ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய வேலை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். அடியில் மட்டும் கல் பாவி, மேலே வேரோடு வெட்டிய புல்கட்டிகளை அடுக்கினார்கள். வடக்குப் பக்கம் பெரிய அகழி. இருபது ஆண்டு போல் காவல் இருந்துவிட்டுத் தெற்கே திரும்பிவிட்டார்கள். அப்புறம் மழை கரைத்தது, மாடு மேய்ந்தது.

நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே இழுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு ஆகஸ்டில் மாமாவை ஃபால்கர்க் ஊர்ப் பக்கம் ரஃப் காசில் என்ற பழைய ரோமானியக் கோட்டை இடத்துக்குக் கூட்டிப்போனேன். சுவர் நன்றாகத் தப்பிப் பிழைத்த இடம் அது. சுவர் மேலேயே நின்றுகொண்டு, "சுவர் எங்கேப்பா?" என்றார்.

"நீங்க நிக்கிறதுதான் மாமா."

"இதுக்கா ரயில் ஏறி வந்தோம்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோடையில் புல்லும் பெரணியும் எல்லாவற்றையும் மூடிவிடும். உச்சி வெயிலில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன், குளிர்காலத்தில் போங்கள். டிசம்பரில் நடுப்பகலிலும் சூரியன் அங்கே அவ்வளவாக மேலே ஏறாது. ஓரடி மேடுகூட ஐந்தடி நிழல் போடும். மழை இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அதே மாமா பிறகு ஒரு ஜனவரியில் வந்தார். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. அகழியைத் தாண்டி வடக்கே போனவர் தானாகவே நின்றார். வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் கருநிழல். "என்னப்பா இது, தென்னங்கன்று நட வெட்டின குழி மாதிரி?" என்றார். குழிக்குள் கூரிய கழிகளை நட்டு, மேலே தழையைப் பரப்பி மறைத்திருப்பார்கள், ஓடி வருகிற எதிரி விழுவதற்கு. ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த ‘கால்’ (Gaul) நாட்டில் நடத்திய போரைப் பற்றிய தன் குறிப்புகளில் இதே மாதிரிக் குழிகளை விவரித்திருக்கிறார். அன்று மாமாவைத் திரும்பக் கூட்டிவருவதற்குள் இருட்டிவிட்டது. குளிர்காலத்தில் போங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதியில்லாமல் பயன்படுத்துவது குற்றம்.

சரி, நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பர்ன்ஸ்வர்க் குன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்தேன். அது இந்தச் சுவரில் இல்லை, ஸ்காட்லாந்தின் தெற்கே லாக்கர்பி ஊருக்குப் பக்கம். குன்றின் இரு புறமும் ரோமானியப் படைமுகாம்களின் மண்கரைகள். ஈயக் கவண்குண்டுகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் துளை போட்டிருக்கிறார்கள், பறக்கும்போது ஊளையிடுவதற்காக என்கிறார்கள் ஆய்வாளர்கள். நிஜ முற்றுகையா, வெறும் பயிற்சியா என்று சண்டை நடக்கிறது. பாதை சேறாக இருக்கும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.