பூட்டைத் திறந்தவர்கள் வளர்த்த தொழில்

எல்லோருக்கும் வணக்கம். பூட்டின் கதையை எகிப்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் லண்டனில், பிக்காடிலி தெருவில் இருந்த ஒரு கடையிலிருந்து தொடங்குகிறேன்.

கடைக்காரர் ஜோசப் பிராமா. 1784இல் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியவர். கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைத் திறக்கிற கருவியைச் செய்து காட்டுபவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயத் தங்க நாணயம்) பரிசு என்று எழுதிவிட்டார். 1814இல் அவர் இறக்கும் வரை அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியக் கொல்லர்கள் செய்த பூட்டுகள் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே சில தடுப்புத் தகடுகள். அவற்றுக்கு இடம்விட்டு வெட்டிய சாவி. அவ்வளவுதான். சாவியின் நடுப்பகுதியை அராவி எடுத்துவிட்டால் எந்தத் தடுப்பிலும் இடிக்காமல் திரும்பிவிடும். வேலைப்பாட்டுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைப் பாதுகாப்புக்குக் கொடுத்திருக்கலாம்!

1778இல் ராபர்ட் பேரன் என்பவர் வேறு வழி கண்டார். உள்ளே இருக்கும் லீவர் என்ற நெம்புத் தகட்டைச் சாவி சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு இன்னும் சாமர்த்தியமானது. யாராவது கள்ளச்சாவி போட்டு லீவரை அதிகமாகத் தூக்கினால் அது சிக்கிக்கொள்ளும். சொந்தக்காரர் தன் சாவியைப் போட்டதும், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பிராமாவின் பூட்டில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே நகரும் தகடுகள் மயிரிழை பிசகாமல் அமைய வேண்டும். கையால் அராவி அத்தனை நுணுக்கமாகச் செய்ய முடியாது, செய்தாலும் கட்டுப்படியாகாது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் அதற்கென்றே இயந்திரங்கள் செய்தார். பூட்டு செய்கிற வேலை கொல்லரின் கையைவிட்டுப் போகத் தொடங்கியது இங்கேதான் என்பேன்.

சரி, அந்த 200 கினி என்ன ஆனது? 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு, ஏ. சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் தன் கம்பெனிப் பூட்டை விற்க வந்தார். சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்கு, பல நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது. பரிசு அவருக்கே. திருடனுக்குப் பாடம் நடத்துவதா என்று ஒரே கூச்சல். திருடனுக்கு இது முன்பே தெரியும், தெரியாதது வாங்குகிறவருக்குத்தான் என்பது ஹாப்ஸ் தரப்பு வாதம். என் ஓட்டு அதற்குத்தான்.

இதில் வேடிக்கை, ஹாப்ஸ் விற்க வந்த பூட்டையே பிறகு லைனஸ் யேல் என்ற இன்னொரு அமெரிக்கப் பூட்டுக்காரர் திறந்துவிட்டார்! இவர் 1860களில் செம்மைப்படுத்தியதுதான் தட்டைச் சாவி போடும் ‘பின்’ (pin) பூட்டு, அதாவது உள்ளே சிறு முளைகள் உள்ள பூட்டு. இங்கேதான் எகிப்து வருகிறது. பழங்காலத்தில் அங்கே மரத்தாழ்ப்பாளின் துளைகளில் மர முளைகள் தம் எடையால் விழுந்து பூட்டும். பெரிய பல் துலக்கும் பிரஷ் போன்ற மரச்சாவியால் அவற்றைத் தூக்கித் தாழ்ப்பாளை இழுப்பார்கள். யேல் குடும்பம் முளைகளை இரண்டு துண்டாக்கி, மேலே ஸ்பிரிங் வைத்தது. எல்லா முளைகளின் வெட்டும் ஒரே கோட்டில் நின்றால்தான் சாவி நுழையும் உருளை திரும்பும்.

இந்தப் பூட்டு தொழிற்சாலையில் குவிந்தது. பூட்டுக்காரர் செய்பவராக இருந்தது போய், பொருத்துபவர், சாவி நகலெடுப்பவர், சாவி தொலைந்தால் திறந்து தருபவர் என்று ஆனார். பழைய சாவி யாரிடமோ போய்விட்டால் பூட்டை மாற்றாமல் உள்ளிருக்கும் முளைகளை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் அவர் வேலை.

அப்புறம் 1970களில் நார்வேக்காரர் டோர் சோர்னஸ் ஓட்டல் அறைகளுக்கு அட்டைச் சாவி கொண்டுவந்தார். புது விருந்தாளிக்குப் புது அட்டை, பழையது செல்லாது. இப்போது கைரேகை, செல்போன் என்று வந்தாயிற்று. ஆனால் பேட்டரி தீர்ந்துபோனால்? அதற்காகவே இன்றும் பல மின்னணுப் பூட்டுகளில் ஒரு சின்ன மூடிக்கு அடியில் சாவித் துளை வைத்திருக்கிறார்கள். அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வெளியே நிற்பவர்கள்தான் இன்று பூட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள்.